திருகோணமலைக்குச் சின்னப் பிள்ளைகளோடு வருகிறீர்களா? பிள்ளை பார்க்க ஆளை முதலில் ஒழுங்கு பண்ணுங்கள்

யூலை கடைசியில் தொடங்கிவிடும். லண்டன், பாரிஸ், ரொறன்ரோ என்று எங்கெங்கோ இருக்கிற சொந்தங்கள் லீவுக்கு வந்து இறங்குவார்கள். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வான் பிடித்து வருகிறவர்களும் அதே நாட்களில்தான் வருவார்கள். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாமலைத் தீவு, திமிங்கிலம் பார்க்கப் படகு, நிலாவெளிக் கடல் என்று 5 நாளுக்கு ஒரு பட்டியல் கையில் இருக்கும். பெரியவர்கள் படகில் ஏறும் நேரம் ஒன்றரை வயதுக் குழந்தை யாருடைய இடுப்பில் இருக்கும் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இருக்காது.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். 16 வருடம் பாலர் பாடசாலையில் படிப்பித்தேன். அதை விட்ட பிறகு, லீவுக்கு வருகிற குடும்பங்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு முடியாத நாட்களில், நான் அறிந்த பெண்களை அனுப்புவேன். கடற்கரையில் வைத்து, படகுக்காரர் காத்துக்கொண்டு நிற்க, "இவளை யாராவது கொஞ்ச நேரம் பாருங்களேன்" என்று தாய் கெஞ்சுவதைப் பல தடவை கண்டுவிட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்தை வீட்டிலிருந்தே ஒழுங்கு பண்ணிக்கொண்டு வரலாம். 6 வயதுக்குக் கீழே பிள்ளை வைத்திருப்பவர்களுக்காக, செய்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் வேலை: பட்டியலைப் பிரியுங்கள்

வருவதற்கு 3 வாரம் முன்பே, போக நினைக்கிற இடங்களை ஒரு தாளில் எழுதி மூன்றாகப் பிரியுங்கள். பிள்ளையோடு போகக்கூடியவை, பிள்ளையோடு போகலாம் ஆனால் கூட ஒரு ஆள் வேண்டியவை, பிள்ளையை விட்டுவிட்டுப் போகவேண்டியவை.

திமிங்கிலம் பார்க்கிற படகை நான் யோசிக்காமல் மூன்றாவதில் போடுவேன். விடிய 6 மணியளவில் கடலுக்குள் இறங்கினால் 3, 4 மணித்தியாலம் ஆகும். வெயில், ஆட்டம், எண்ணெய்ப் புகை. குழந்தை சத்தி எடுத்தால் படகைத் திருப்பவும் முடியாது, கூட ஏறினவர்கள் காசு கொடுத்து வந்தவர்கள். புறாமலையையும் 5 வயதுக்குக் கீழே என்றால் அங்கேயே போடுங்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர்தான், படகில் கால் மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அங்கே கரை முழுக்கச் செத்த பவளத் துண்டுகள். பெரியவர்களின் உள்ளங்காலே வலிக்கும். நிழலும் குறைவு. தண்ணீருக்குள் தலையை விட்டு மீனும் பவளமும் பார்ப்பதற்காகத்தான் எல்லாரும் அங்கே போகிறார்கள். அதைச் செய்ய முடியாத ஒரு பிள்ளை கல்லில் நின்று அழும்.

கோணேசர் கோயிலும் கன்னியாவும் இரண்டாவது வகை. உப்புவெளிக் கரையும் மார்பிள் பீச்சும் முதலாவது வகை. முதலாவது என்றாலும் கவனம் வேண்டாம் என்று அர்த்தமில்லை, அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கடல் மே முதல் செப்டெம்பர் வரை அமைதியாக இருக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து வாடையோடு மழையும் வந்து கடல் கொந்தளிக்கும். நத்தார் லீவுக்கு வருகிறவர்கள் கடல் குளிப்பைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

இரண்டாவது: யார் பார்ப்பது

மூன்று வழி உண்டு. தாயும் தகப்பனும் மாறி மாறிப் பார்ப்பது, கூட வருகிற சொந்தக்காரர் பார்ப்பது, இங்கே ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது.

மாறி மாறிப் பார்ப்பதைத்தான் நான் முதலில் சொல்வேன். டிஸ்னிலாந்து போன்ற பெரிய பூங்காக்களில் இதற்கு ஒரு முறையே வைத்திருக்கிறார்கள், ரைடர் ஸ்விட்ச் என்று பெயர். உயரம் காணாத பிள்ளையோடு ஒருவர் கீழே நிற்பார், மற்றவர் ஏறிவிட்டு வருவார். பிறகு நின்றவர் மறுபடி நீண்ட வரிசையில் நிற்காமல் ஏறலாம். பாரிஸிலிருந்து வந்த ஒரு குடும்பம் அதைப் பற்றிச் சொன்னதிலிருந்து, இங்கே வருகிறவர்களுக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். புறாமலைக்குத் தகப்பன் ஒரு நாள், தாய் அடுத்த நாள். படகுக் கூலியை, இரண்டு நாள் வருவோம் என்று முதலே சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். ஆனால் பூங்காவில் வேலி இருக்கிறது, உயரம் அளக்கிற கட்டை இருக்கிறது, ஒவ்வொரு வாசலிலும் ஒரு ஆள் நிற்கிறார். எங்கள் கடலுக்கு வாசல் இல்லை. அளக்கிற வேலை முழுவதும் உங்களுடையது.

சொந்தக்காரர் விஷயத்தில் ஒன்று சொல்லவேண்டும். அம்மம்மாவோ அப்பம்மாவோ கூட வருகிறார் என்றால் பிள்ளையை அவர் பார்ப்பார் என்று எல்லாரும் தாமாக முடிவு கட்டிவிடுவார்கள். அவரிடம் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். முழங்கால் வலியோடு 70 வயதுப் பெண், 2 வயதுப் பையனுக்குப் பின்னால் மணலில் ஓட முடியாது. அவருக்கும் கோணேசரைக் கும்பிட ஆசை இருக்கும். கேளுங்கள். "அம்மா, செவ்வாய்க்கிழமை காலமை 3 மணித்தியாலம் தம்பியைப் பார்ப்பீங்களோ? உதவிக்கு ஒரு பிள்ளையையும் வைக்கிறம்" என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். அம்மம்மாவும் சம்பளத்துக்கு ஒருவரும் சேர்ந்து இருப்பதுதான் நான் கண்டதில் ஆகத் திறமான ஏற்பாடு. பிள்ளைக்குத் தெரிந்த முகமும் இருக்கும், ஓடக்கூடிய காலும் இருக்கும்.

மூன்றாவது: ஆள் தேடுவது

விளம்பரம் பார்த்து ஆள் எடுக்கவேண்டாம். தங்கப்போகிற இடத்து வீட்டுக்காரரிடம் கேளுங்கள், இங்கே உள்ள சொந்தக்காரரிடம் கேளுங்கள். இரண்டு பக்கத்திலும் ஒரே பெயர் வந்தால் நல்லது. பாலர் பாடசாலை ஆசிரியைகளைத் தேடுங்கள். பெரும்பாலும் மதியத்தோடு வேலை முடிந்துவிடும், பின்னேரம் சும்மா இருப்பார்கள். பாடசாலை லீவு நாளென்றால் காலையிலும் வரலாம்.

பெயர் கிடைத்ததும், வருவதற்கு முன்பே வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுங்கள். நான் ஒருவரை அனுப்புவதற்கு முன் கேட்கிறவற்றை நீங்களும் கேளுங்கள். எத்தனை வயதுப் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார்? கடைசியாகப் பார்த்த குடும்பத்தோடு பேசலாமா? பிள்ளைக்குத் தொண்டையில் ஏதும் அடைத்தால் என்ன செய்வார்?

இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் நீங்களே சொல்லிக்கொடுங்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால், குழந்தையை முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை கீழே இருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடியால் 5 தட்டு. வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்சின் நடுவில் 5 அழுத்து. ஒரு வயதுக்கு மேலே என்றால் முதுகில் 5, பிறகு பின்னால் நின்று தொப்புளுக்குச் சற்று மேலே கையைப் பொத்தி உள்ளுக்கும் மேலுக்குமாக 5. வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தேடக்கூடாது. யூலையிலும் ஓகஸ்டிலும் றம்புட்டான் காலம். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அது புதினம். வழுக்கிக்கொண்டு போகிற அந்தப் பழம் தொண்டைக்கு ஆபத்து. கொட்டை எடுத்து, சின்னனாக வெட்டித்தான் கொடுக்கவேண்டும். கச்சான் கொட்டை (நிலக்கடலை) 5 வயதுக்குக் கீழே வேண்டாம். மீன் கொடுப்பதென்றால் முள் பார்த்த கை இன்னொரு தடவை பார்க்கவேண்டும்.

அடையாள அட்டையின் படத்தை வாங்கிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் அறியாத ஆள் என்றால் கிராம அலுவலரின் நற்சான்றும் கேட்கலாம். இங்கே அது வழக்கமான கடிதம்தான், கேட்டால் ஒருவரும் கோபிக்கமாட்டார்கள். கோபித்தால் அவரை எடுக்கவேண்டாம்.

சம்பளத்தை முதலே பேசுங்கள். அரை நாளா, மணித்தியாலமா, சாப்பாடு யார் தருவது, ஓட்டோக் காசு யார் கொடுப்பது, சுணங்கினால் எவ்வளவு. "அதை நாங்க பாத்துத் தருவம்" என்ற பேச்சு வேண்டாம். பாவம், அந்தப் பெண் வாய் திறந்து கேட்கமாட்டார், மனதில் வைத்துக்கொண்டு போவார். பவுணிலும் யூரோவிலும் கணக்குப் பார்த்து நாள் கூலிக்கு மேலே கேட்டபடி கொட்டவும் தேவையில்லை, ஊரில் இரண்டு வீட்டில் விசாரித்து, அதற்குச் சற்று மேலே கொடுத்தால் மரியாதையாக இருக்கும். இருட்டுவதற்கு முன் அவரை வீட்டுக்கு அனுப்புவதும் உங்கள் பொறுப்பு.

அப்புறம், பேசவேண்டிய மூன்று கட்டுப்பாடு. பிள்ளையைத் தங்குமிடத்துக்கு வெளியே கூட்டிக்கொண்டு போவதில்லை. வேறு எவரிடமும் கொடுத்துவிட்டுப் போவதில்லை. பிள்ளையைப் படம் எடுத்து முகநூலில் போடுவதில்லை. இதை நல்லமாதிரிச் சிரித்த முகத்தோடு சொல்லலாம், ஆனால் சொல்லவேண்டும்.

நான்காவது: ஒரு பின்னேரம் பழகவிடுங்கள்

நான் சொல்கிற வேலைகளில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள்.

வந்து இறங்கிய அடுத்த நாள் பின்னேரம், அந்த அக்காவை 2 மணித்தியாலம் வரச்சொல்லுங்கள். நீங்களும் அங்கேயே இருங்கள். முதல் அரை மணித்தியாலம் பிள்ளை உங்கள் மடியில் இருக்கட்டும், அக்கா உங்களோடு பேசட்டும். பிள்ளையை உடனே தூக்கவேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். எங்கள் ஆட்கள் பிள்ளையைக் கண்டால் கன்னத்தைக் கிள்ளித் தூக்கிவிடுவார்கள், வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளை வீரிட்டு அழும், பிறகு அந்த முகத்தைக் கண்டாலே அழுகைதான். பிள்ளை தானாக இறங்கிப் போய் அவரின் வளையலைத் தொடும்வரை பொறுத்திருங்கள். பிறகு ஒரு நேரச் சாப்பாட்டை அவர் கொடுக்கட்டும், ஒரு தடவை பம்பர்ஸ் மாற்றட்டும். நீங்கள் பார்த்துக்கொண்டிருங்கள்.

மொழிதான் பெரிய சிக்கல். பாரிஸ் குடும்பத்தின் 2 வயதுப் பையனை ஒருநாள் நான் அனுப்பிய பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போன நேரம் பையன் சிவந்துபோய் அழுகிறான். "ஓ... ஓ..." என்று கையை நீட்டிக்கொண்டு அழுகிறான்.

"என்னடி பிள்ளை கேக்குது?"

"தெரியேல்ல ரீச்சர். பிஸ்கட் வேணுமோ எண்டு கேட்டன், ஓ எண்டான். குடுத்தா எறியிறான். படுப்பமோ எண்டு கேட்டன், அதுக்கும் ஓ எண்டுதான் சொல்லுறான்."

எங்கள் பேச்சில் ஓ என்றால் ஆம். பிரெஞ்சில் தண்ணீருக்கு ஓ என்றுதான் சொல்வார்கள். கச்சான் என்கிற தரைக்காற்று அடிக்கிற ஒரு மத்தியானம் முழுக்க அந்தப் பிள்ளை தண்ணீர் கேட்டிருக்கிறது. கோப்பையை வாயில் வைத்ததும் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பெண்ணில் ஒரு பிழையும் இல்லை. அவளுக்கு ஒரு தாளில் எழுதிக்கொடுக்க எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஐந்தாவது: தாளில் எழுதுங்கள்

அதனால் இப்போது எல்லாரிடமும் ஒரு தாள் கேட்கிறேன். தமிழ் எழுத வராவிட்டால் அம்மம்மாவைச் சொல்லி எழுதச் செய்யுங்கள். தாளின் மேல் பாதியில் பிள்ளையின் சொற்கள்: தண்ணீருக்கு என்ன சொல்வான், மூத்திரம் வந்தால் என்ன சொல்வான், வலித்தால், நித்திரை வந்தால், அம்மா வேண்டும் என்றால். கட்டிப்பிடித்துப் படுக்கிற பொம்மைக்கு ஒரு பெயர் இருக்கும், அதையும் எழுதுங்கள். அந்தப் பெயர் தெரியாமல் ஒரு பிள்ளையையும் நித்திரையாக்க முடியாது.

கீழ்ப் பாதி இப்படி இருக்கட்டும்:

"பால்: 10 மணிக்கும் 3 மணிக்கும், கொதித்து ஆறிய தண்ணீரில் மட்டும். சாப்பாடு: குழைத்த சோறு, பருப்பு, உறைப்பில்லாத சொதி. முட்டை கொடுக்கவேண்டாம், ஒவ்வாது. நித்திரை: 12 மணிக்கு, நுளம்பு வலைக்குள். நாங்கள் எந்த இடத்தில்: புறாமலை. திரும்புவது: 11.30. அப்பாவின் நம்பர். கரையில் நிற்கிற மாமாவின் நம்பர். தங்குமிடத்தின் பெயரும் வீதியும். பிள்ளையின் முழுப் பெயர், வயது, நிறை."

கரையில் நிற்கிற ஒருவரின் நம்பர் கட்டாயம். கடலில் வெகுதூரம் போனால் போன் எடுக்காது. நிறையை எழுதுவது மருந்துக்காக. பனடோல் சிரப் எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் பார்க்க, அவசரத்தில் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். தாளின் அடியில் பெரிதாக 1990 என்று எழுதுங்கள், அது இலவச அம்புலன்ஸ். 119 பொலிஸ். சிறுவர்களுக்கு ஏதும் துன்பம் என்றால் 1929.

ஆறாவது: தங்குமிடத்தைப் பிள்ளையின் உயரத்தில் பாருங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் முழங்காலில் நின்று அறையைச் சுற்றிப் பாருங்கள். குளியலறையில் நிரப்பி வைத்த வாளி இருந்தால் ஊற்றிக் கவிழ்த்துவிடுங்கள். எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுகிற குழந்தைக்கு அரை வாளித் தண்ணீர் போதும். வீடு எடுத்துத் தங்குகிறீர்கள் என்றால் கிணற்றடியைப் பாருங்கள். பழைய வீடுகளில் கட்டு உயரம் குறைவாக இருக்கும், மூடியில்லாமலும் இருக்கும். அப்படியென்றால் கிணற்றடிப் பக்கக் கதவு எப்போதும் பூட்டு. நீச்சல் குளம் உள்ள இடமென்றால், பிள்ளையின் அறை அதற்கு நேரே திறக்காத அறையாகக் கேளுங்கள். படலை, மாடிப்படி, கட்டிலுக்குப் பக்கத்துப் பிளக், மேசை விசிறியின் இறக்கை. இவ்வளவையும் அக்காவுக்கும் கூடவே காட்டுங்கள்.

இடம் இடமாக

கோணேசர் கோயிலுக்கு விடியவே போங்கள், அல்லது வெயில் தாழ்ந்த பிறகு. மதியம் நடை சாத்தியிருக்கும், கல்லும் வெறுங்காலுக்குச் சுடும். கோயில் இருப்பது பிரட்ரிக் கோட்டைக்குள், அதன் வாசலுக்குள் போனதுமே மான்கள் நிற்கும். பிள்ளைகளுக்குக் கோயிலைவிட அதுதான் கொண்டாட்டம். ஆனால் அவை மனிதரோடு பழகிய மான்கள், கையில் வாழைப்பழத்தையோ பையையோ கண்டால் கிட்ட வந்து இழுக்கும். ஆண் மானின் கொம்பு சரியாக 3 வயதுப் பிள்ளையின் முகத்து உயரம். தீனியை வானிலேயே விட்டுவிட்டு, பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு காட்டுங்கள். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கம் போகும்போது இறக்கி விடவேண்டாம். கம்பி இருக்கிறதுதான், கம்பிக்கு அங்கால் கடல்வரை செங்குத்து. பெரியவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள், ஒருவராவது எடுக்கக்கூடாது. பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டிய சின்னத் தொட்டில்களைக் காட்டினால் கைப்பிள்ளைகூட அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். உள்ளே பூசை நேரம் நெரிசலாக இருந்தால் இங்கேயும் மாறல்தான்: தாய் கும்பிட்டுவிட்டு வர, தகப்பன் போகலாம்.

கன்னியாவில் 7 கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. சிலது இளஞ்சூடு, சிலதில் பெரியவர்களே ஒரு கணம் பின்வாங்குவார்கள். பெரியவருக்குச் சுகமான சூடு பிள்ளையின் தோலுக்குக் கூடுதல். வாளியில் அள்ளி ஆறவிட்டு, உங்கள் முழங்கையால் பார்த்து, காலிலிருந்து தொடங்கிச் சின்னப் பேணியால் ஊற்றுங்கள். குளிக்கிற இடம் வழுக்கும், பிள்ளையை நிற்கவிட்டு அள்ளக் குனியக்கூடாது. அதனால்தான் அங்கே இரண்டு பேர் வேண்டும் என்கிறேன். கைக்குழந்தைக்குக் கன்னியாக் குளிப்பு தேவையே இல்லை.

திமிங்கிலப் படகு நாள்தான் கடினம், ஏனென்றால் விடியப் போகவேண்டும். பிள்ளை கண் விழிக்கும்போது அம்மா இல்லை, அரைகுறையாகத் தெரிந்த ஒரு முகம் குனிந்து பார்க்கிறது. எவ்வளவு நல்ல அக்காவாக இருந்தாலும் அது பிள்ளைக்குப் பயம்தான். அதனால் இரவே பிள்ளையிடம் சொல்லுங்கள்: "காலமை அம்மா படகில போவன், நீ அக்காவோட இடியப்பம் சாப்பிட்டு முடிய, விளையாடி முடிய, வந்திடுவன்." ஒன்றரை வயதுக்கு விளங்குமா என்று கேட்பீர்கள். சொல்லெல்லாம் விளங்காது, குரல் விளங்கும். அந்த அக்காவை முதல் நாள் இரவே வந்து தங்கச் சொல்ல முடிந்தால் இன்னும் நல்லது. போகும்போது பிள்ளை விழித்திருந்தால் ஒளித்துப் போகவேண்டாம். கையசைத்துவிட்டுப் போங்கள். 5 நிமிடம் அழும், பிறகு நின்றுவிடும். ஒளித்துப் போனால் அன்றைக்கு அழாது, அடுத்த நாள் முழுக்க உங்கள் சட்டையை விடாது.

மார்பிள் பீச் சீனக்குடாப் பக்கம், விமானப்படையின் பராமரிப்பில் இருக்கிறது. வாசலில் காசு கட்டவேண்டும். குடாவுக்குள் இருப்பதால் அலை மிகக் குறைவு, சின்னப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்கிற கடற்கரை அதுதான்.

கடற்கரையில் துவாய் முறை

உப்புவெளியில் ஒரு ஞாயிறு. 11 பெரியவர்கள், 4 பிள்ளைகள். நான் கைக்குழந்தையோடு நிழலில் இருக்கிறேன். 3 வயதுச் சிறுமி ஒருத்தியைக் காணவில்லை. தாய் நினைத்தது மாமாவோடு நிற்கிறாள் என்று, மாமா நினைத்தது அம்மம்மாவோடு, அம்மம்மா நினைத்தது தாயோடு. 5 நிமிடம் இருக்கும். அந்த 5 நிமிடமும் எல்லாரும் கடலைத்தான் பார்த்துக் கத்தினார்கள். இழுத்து விட்டிருந்த வள்ளங்களுக்கு நடுவில், வலை பொத்துகிற ஒரு ஐயாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து நண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து நான் ஒரு சிவப்புத் துவாய் கொண்டுபோகிறேன். துவாய் யாருடைய தோளில் கிடக்கிறதோ, பிள்ளை அவருடைய பொறுப்பு. அவர் போன் பார்ப்பதில்லை, சாப்பாடு பரிமாறுவதில்லை, கதைக்கலாம் ஆனால் கண் பிள்ளையில். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை மாற்றுவோம். மாற்றும்போது வாயால் சொல்லவேண்டும்: "பிள்ளை இனி உங்களிட்ட." மற்றவர், "ஓம், என்னட்ட" என்று சொன்ன பிறகுதான் துவாய் கை மாறும். தண்ணீருக்குள் என்றால் துவாய்க்காரர் கை எட்டுகிற தூரத்தில் நிற்கவேண்டும். கரையில் நின்று பார்ப்பது பார்ப்பதில்லை. மூழ்குகிற பிள்ளை சத்தம் போடாது.

காற்றடைத்த வளையங்களும் முதலைப் பொம்மைகளும் வீட்டிலேயே கிடக்கட்டும். யூன், யூலை, ஓகஸ்டில் இங்கே கச்சான் காற்று அடிக்கும். அது தரையிலிருந்து கடலுக்குப் போகிற காற்று. கரையில் அலையே இல்லாமல் குளம் மாதிரித் தெரிகிற நேரம்தான் அது வளையத்தைத் தள்ளிக்கொண்டு போகும், நீந்துகிற ஆளால் எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தில். குழந்தைக்குச் சரியான அளவில், கால்களுக்கு நடுவால் பட்டி போடுகிற உயிர்காப்பு அங்கியை நீங்களே வாங்கிக்கொண்டு வாருங்கள். படகுகளில் பெரியவர் அளவுதான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

10 மணி முதல் 3 மணி வரை பிள்ளை நிழலில். 6 மாதத்துக்குக் கீழே வெயில் கிறீம் பூசாமல், துணியாலும் நிழலாலும் காப்பது நல்லது.

காய்ச்சல் வந்தால்

நுளம்பு மருந்தைப் பகலிலும் பூசுங்கள். டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரமும் கடிக்கும். 2017இல் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்தப் பக்கத்தில் ஒருவரும் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களின் மருந்துப் பையில் பரசிற்றமோலும் இருக்கும், ஐபுபுரூஃபனும் இருக்கும். கல்போல் முதலாவது, நியூரோஃபன் இரண்டாவது. இங்கே வைத்துக் காய்ச்சல் வந்தால் இரண்டாவதைத் தொடவேண்டாம். டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். அந்தப் போத்தலைப் பெட்டிக்குள் பூட்டிவிட்டு, பரசிற்றமோலை மட்டும் அக்காவிடம் காட்டுங்கள், அதுவும் உங்களைக் கேட்காமல் கொடுப்பதில்லை என்று. காய்ச்சல் இரண்டாம் நாளும் விடாமல் இருந்தால் வைத்தியரிடம் காட்டி இரத்தம் பாருங்கள். மாவட்டப் பொது வைத்தியசாலை நகரத்துக்குள் இருக்கிறது. நிலாவெளியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீற்றர், உப்புவெளியிலிருந்து கிட்ட.

வயிற்றோட்டத்துக்கு ஜீவனி என்கிற உப்பு-சீனிக் கரைசல் தூள் பக்கெட் எந்தப் பாமசியிலும் கிடைக்கும், வந்த அன்றே நாலைந்து வாங்கி வையுங்கள். பக்கெட்டில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில்தான் கரைக்கவேண்டும், பாதி பாதியாகக் கரைப்பது கூடாது.

சொன்ன நேரத்துக்கு வாருங்கள்

11.30 என்று தாளில் எழுதினால் 11.30. படகு சுணங்கும் என்று தெரிந்தால் 12.30 என்று எழுதிவிட்டு 11.30க்கு வாருங்கள். வந்ததும் முதலில் குளிக்கப் போகாமல் பிள்ளையைத் தூக்குங்கள். பிறகு அக்காவிடம் கேளுங்கள்: எவ்வளவு சாப்பிட்டான், எத்தனை தடவை மூத்திரம் போனான், எங்கேயும் விழுந்தானா, என்ன சொல்லி அழுதான். விழுந்ததைச் சொன்னால் முகத்தைச் சுளிக்கவேண்டாம். இன்றைக்குச் சுளித்தால் நாளைக்குச் சொல்லமாட்டார்.

போகிற நாளிலும் அவரை 2 மணித்தியாலம் வரச்சொல்லுங்கள். பெட்டி அடுக்கிற நேரம்தான் வீட்டில் எல்லாக் கதவும் திறந்து கிடக்கும், வான் முன்னுக்கும் பின்னுக்கும் போகும், பிள்ளை காலடியில் நிற்கும். அவர் பிள்ளையை வைத்திருக்க நீங்கள் நிம்மதியாக அடுக்கலாம். கட்டிலுக்கடியில் அந்தப் பொம்மை கிடக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள், அவருக்குத்தான் இப்போது அதன் பெயரும் தெரியும்.